வேர்த்த ஐஸ்

லிஃப்ட் நின்றபோது நானும் என் வீட்டுக்காரரும் பேசிக்கொள்ளவில்லை. சண்டை முடிந்த அமைதி இல்லை அது, அடுத்த சுற்றுக்கு மூச்சு வாங்குகிற அமைதி. ஒரு குலுக்கல். விளக்கு போயிற்று, மின்விசிறி போயிற்று. மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் எங்கேயோ தொங்கினோம். மூலையில் ஒரு சின்ன பேட்டரி விளக்கு மட்டும் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அவர் முதலில் பார்த்தது என்னை இல்லை, தன் கையிலிருந்த நீலப் பெட்டியை. அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அதைத்தான் பார்த்தேன்.

பெட்டிக்குள் எங்கள் மகள் ஸ்வாதியின் மருந்து இருந்தது. சுண்டுவிரல் நீளத்தில் மூன்று கண்ணாடிக் குப்பிகள்.

ஸ்வாதிக்கு எட்டு வயது. மனித உடம்பு ஓட ஆயிரக்கணக்கில் நொதிகள் வேண்டுமாம். அவளுக்கு அதில் ஒன்றே ஒன்று பிறப்பிலேயே கிடையாது. அந்த ஒன்று இல்லாததால், வெட்டிக் கழிக்க வேண்டிய கசடு மூட்டிலும் ஈரலிலும் தொண்டையிலும் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். அதே நொதியைத் தொழிற்சாலையில் செய்து குப்பியில் அடைத்து அனுப்புகிறார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் நரம்பில் ஏற்ற வேண்டும், வாழ்நாள் முழுக்க. விலையைக் கேட்டால் தலை சுற்றும். அரசாங்க நிதியில் பெங்களூரிலிருந்து வருகிறது. மைசூர் மண்டி மொஹல்லாவில் நான்காம் மாடியிலிருக்கும் மருந்து மொத்தக் கடையின் குளிர் அறையில் இறக்குவார்கள். நாங்கள் போய் வாங்கி, அக்ரஹாரத்தில் ஒரு நர்ஸிங் ஹோமுக்குக் கொண்டுபோக வேண்டும்.

செவ்வாய்க்கிழமைதான் எங்களைக் கட்டிப்போட்ட முளைக்குச்சி. கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் மேய்ச்சல். ஹனூரில் என் தங்கை கல்யாணத்துக்குக் காலையில் போய் மாலையில் திரும்பினோம். ஹெப்பாள் தொழிற்சாலையில் எனக்கிருந்த வேலை போயிற்று. அவருக்கு ஹுப்பள்ளி டிப்போவில் சூப்பர்வைசர் வேலை வந்தது, போக முடியவில்லை. யாரும் எங்களைப் பூட்டி வைக்கவில்லை, ஆனால் எந்தக் கதவும் திறக்கவில்லை.

அன்றைய சண்டையும் அதைப் பற்றித்தான். அவர் பெயர் உதயகுமார். ஐஸ்கிரீம் கம்பெனியில் டெலிவரி வண்டி ஓட்டுகிறார். மகளுக்கு மருந்து ஏற ஆரம்பித்து இரண்டாவது வருஷம் ஓடுகிறது. முதல் நாளன்று அவள் உடம்பெல்லாம் தடித்து, தொண்டை இறுகி, மூச்சுக்குத் திணறிவிட்டாள். அதைப் பார்த்தவர் அதற்குப் பிறகு மருந்து ஏற்றுகிற அறைக்குள் காலே வைக்கவில்லை. விடியும் முன்பே வண்டியோடு போவார், அவள் தூங்கிய பின் வருவார். எல்லாச் செவ்வாயும் நானும் நாத்தனாரும்தான். அன்று என் ஸ்கூட்டர் மக்கர் செய்தது. "பெத்தவருதானே நீங்களும், ஒரு நாளைக்கு வந்தா தேஞ்சா போயிருவீங்க?" என்று கத்தினேன். வந்தார். பெட்டியையும் தானே தயார் செய்துகொண்டு வந்தார். மேலே கடையில் நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது குப்பிகளை அடுக்கியதும் அவர்தான்.

கதவைத் தட்டினோம். காவலாளி ஜடையன் மேலிருந்து கூப்பிட்டார். "பயப்பட்பேடி அக்கா. மெக்கானிக் பர்த்தாயிதானெ."

பயப்பட வேண்டாமாம், மெக்கானிக் வந்துகொண்டிருக்கிறானாம். எங்கிருந்து என்று கேட்டேன். ஹெப்பாளிலிருந்து என்றார். ஹெப்பாள் ஊரின் இன்னொரு கோடி.

சித்திரை வெயில். அந்தத் தகரப் பெட்டிக்குள் காற்று இல்லை. முதுகில் வேர்வை ஓடியது. நர்ஸ் சோனியாவுக்குப் போன் செய்தேன். அவளும் நம் தமிழ்ப் பெண்தான், மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள்.

"அக்கா, ஸ்வாதிக்கு ஊசி போட்டு ரெடியா வெச்சிட்டேன். அலர்ஜி சிரப்பும் குடுத்தாச்சு. மருந்து சூடாகாம பாத்துக்கோங்க. ரெண்டு டிகிரிக்கும் எட்டுக்கும் நடுவுலயே இருக்கணும்."

மருந்து ஏற ஆரம்பிப்பதற்கு முன்பே இதையெல்லாம் எனக்குப் படித்துப் படித்துச் சொன்னவள் அவள்தான். நொதி என்பது மடித்து மடித்துச் சுருட்டின நூல் மாதிரி, அந்த மடிப்பு இருந்தால்தான் வேலை செய்யும் என்பாள். சூடானால் மடிப்பு அவிழ்ந்துவிடும். வெந்த முட்டையைப் பச்சை முட்டையாக்க முடியுமா, அதுபோல்தான். குளிரில் வேலையை நிறுத்திவிட்டுச் சும்மா கிடக்கும், கெடாது. உடம்புச் சூட்டுக்குள் போனதும் சுறுசுறுப்பாகிவிடும். அதற்காகக் குளிர் அதிகமானால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள் என்றும் சொல்வாள். உறைந்தாலும் மடிப்பு உடையும். உடைந்தது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதை ஏற்றினால் பலனும் இருக்காது, உடம்பு அதை எதிரி என்று நினைத்துச் சண்டைக்குப் போகும். அதனால் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே வைக்கக் கூடாது. வெளியே போட்டு, மேலே நீர் பூத்து வேர்த்த பிறகு, துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும்.

ஒவ்வொரு செவ்வாயும் எங்கள் அடுப்பு மேடையில் ஐஸ் பேக்குகள் வேர்த்துக்கொண்டு கிடக்கும். அவர் அந்த நேரத்துக்கு வீட்டில் இருந்ததில்லை.

பெட்டி மூடியில், உள்ளே எத்தனை டிகிரி என்று சொல்லும் சின்ன டிஜிட்டல் காட்டி உண்டு. 4.3 என்று காட்டியது. எனக்கு உயிர் வந்தது. அவர் தரையில் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, செய்தித்தாளால் விசிறினார். எனக்கில்லை, பெட்டிக்கு. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கோபமாக இருக்கும்போது சிரித்தால் கோபத்துக்கு மரியாதை போய்விடும்.

கொஞ்ச நேரம் கழித்து 3.1. பிறகு 2.2.

"பாத்தியா புள்ள," என்றார். "வெளிய இந்த வெக்க வெக்குது. உள்ள எறங்கிட்டே போவுது. நான் கட்டுன கட்டு அப்படி."

எனக்கு முதுகு வேர்வை அப்படியே சில்லிட்டது. "ஏனுங்க, உள்ள என்னத்த வெச்சிருக்கறீங்க?"

"நம்ம வண்டிப் பலகதான். நாலு பக்கமும் வெச்சிருக்கறேன். உன்ற பேக்கெல்லாம் எதுக்காகும்? அது அர மணியில இளகிப் போயிரும்."

வண்டிப் பலகை என்றால் ஐஸ்கிரீம் வண்டியின் அடுக்குகளில் செருகுகிற ஐஸ் பலகை. ராத்திரி முழுக்க கம்பெனி ஃப்ரீசரில் கிடந்து கல்லாக இறுகியிருக்கும். இருபது வருஷமாக அவர் தொழிலில் ஒரே ஒரு எதிரிதான், சூடு. இளகின சரக்கைக் கடைக்காரர் திருப்பி அனுப்புவார். உறைந்த சரக்கை யாரும் திருப்பி அனுப்பியதில்லை. இந்த மனுஷர் தன் மகளுக்காக, தன் தொழிலில் தெரிந்த மிகச் சிறந்த காரியத்தைச் செய்திருந்தார்.

இதெல்லாம் இப்போது யோசித்துச் சொல்கிறேன். அப்போது நான் சொன்னது வேறு. எழுதுவதற்கில்லை. ஜடையன் மேலிருந்து, "ஏனாய்த்து அக்கா?" என்று, என்ன ஆயிற்றோ எனப் பதறிக் கேட்கிற அளவுக்குச் சொன்னேன்.

பெட்டியைப் பிடுங்கித் திறந்தேன். உள்ளேயிருந்து வெண்புகை எழுந்தது. இரண்டு குப்பிகள் நடுவில் இருந்தன, தண்ணீர் மாதிரித் தெளிவாக. மூன்றாவது சரிந்து பலகையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்து எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தேன். உள்ளே அடியிலிருந்து வெள்ளை ஊசிகள் முளைத்திருந்தன.

"உறைஞ்சு போச்சுங்க," என்றேன். அதற்கு மேல் கத்தக்கூட எனக்குத் தெம்பு வரவில்லை.

அவர் குப்பியை வாங்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். "ஆருமே எனக்குச் சொல்லுலயே," என்றார்.

"வீட்டுல இருந்தாத்தானே சொல்லுறதுக்கு."

நான் பலகைகளை எடுத்துத் தரையில் வைத்தேன். இப்போது வேறு பிரச்சினை. பலகையை வெளியே எடுத்தால் லிஃப்டின் சூடு உள்ளே புகும், காட்டி ஏறும். உள்ளே வைத்தால் மற்ற இரண்டும் உறையும். அங்கே எங்களுக்கு அடுப்பு மேடை இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை. கீழே தெருவில் நிற்கிற அவருடைய வண்டியில் ஒரு அறை நிறையக் குளிர் இருந்தது, அதுவும் தப்பான குளிர்.

"உங்க சட்டையக் கழட்டுங்க," என்றேன்.

கழற்றினார். ஒரு பலகையை அதில் சுற்றினேன், இன்னொன்றை என் துப்பட்டாவில். தரையில் வைத்தே காத்திருந்தோம். காட்டி 5, 6 என்று ஏறியது. 7 தொட்டதும் சுற்றிய பலகை ஒன்றை ஓரமாக உள்ளே வைத்து மூடினேன். இறங்கியது. 3 வந்ததும் எடுத்தேன். அப்புறம் அவரே செய்ய ஆரம்பித்தார். பலகையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "இன்னும் வேர்க்குல," என்பார். பிறகு, "இப்ப வேர்த்துருச்சு," என்பார். ஆறுமாதக் குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணீர் பதம் பார்க்கிற மாதிரி பார்த்தார். பனியனோடு, முகமெல்லாம் வேர்த்து வழிய, அந்த அரைவெளிச்சத்தில் உட்கார்ந்திருந்த அவரை எனக்குக் கொல்லவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

உறைந்த குப்பியைத் தனியாக வைத்தேன். மாறிவிடக் கூடாதே என்று, என் மணிக்கட்டிலிருந்த ஸ்வாதியின் ரோஜா நிற முடிபேண்டைக் கழற்றி அதன் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். அவள் தொலைத்துவிடுகிறாள் என்பதால் எப்போதும் ஒன்று என் கையில் இருக்கும்.

அந்த வெக்கையில் உறைந்தது இளகுவதற்கு எவ்வளவு நேரமாகும்? அடுத்த முறை பார்த்தபோது குப்பிக்குள் ஊசியும் இல்லை, ஒன்றும் இல்லை. மற்ற இரண்டு போலவே தெளிவாக இருந்தது.

"பாரு, சரியாயிருச்சு," என்றார் அவர்.

"ஆகுலீங்க. கண்ணுக்குத் தெரியாது. கெட்டது கெட்டதுதான்."

"மூணும் ஒண்ணாட்டமே இருக்குது. ஒண்ணப் போட்டுட்டா புள்ளைக்கு மருந்து கொறையுமல்ல?"

குறையும்தான். போன மழைக்கு முன்னால் நிதி வருவதில் ஏதோ தகராறு, தொடர்ந்து சில வாரம் மருந்தே வரவில்லை. ராத்திரியெல்லாம் அவள் மூச்சு அறுப்பு ரம்பம் போல இழுத்தது. கை தோளுக்கு மேல் ஏறவில்லை. அது திரும்பச் சரியாக எவ்வளவு பாடு. இவருக்கும் அந்த ராத்திரிகள் தெரியும். அதனால்தான் கேட்டார், கெட்டவர் என்பதால் இல்லை.

"சோனியா கேட்டா ஒண்ணுமே சொல்ல வேண்டாம்," என்றார். "சொன்னா பெட்டியோட எல்லாத்தையும் குப்பையில போட்டுருவாங்க. அடுத்தது எப்ப வருமோ."

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் ஆசை வந்தது. ஒருவேளை கெடவில்லையோ என்று மனசு சொல்லியது. ஒருவேளை பாதிதான் கெட்டதோ என்று இன்னொரு தடவை சொல்லியது. அப்போது எனக்கு அவளுடைய முதல் நாள் ஞாபகம் வந்தது, தடித்துப்போன அந்தச் சின்ன உதடு. "நான் சொல்லத்தான் போறேன்," என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மெக்கானிக் வந்து, மேலே எதையோ கையால் சுற்றி, லிஃப்டை அங்குலம் அங்குலமாக இரண்டாம் மாடிக்கு இறக்குகிறவரை பலகையை மட்டும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தோம்.

நர்ஸிங் ஹோம் வாசலில் வண்டி நிற்பதற்குள் நாத்தனார் போன். ஸ்வாதி அம்மா வேண்டும் என்று அழுகிறாளாம். மூன்று குப்பிகளும் இருந்த பெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் படியேறி ஓடினேன். லிஃப்ட் இருந்தது. அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அவளைச் சமாதானப்படுத்தி நிமிர்ந்தபோது சோனியா பெட்டியைத் திறந்திருந்தாள். மூன்று குப்பிகளையும் எடுத்துத் தட்டில் வரிசையாக வைத்தாள். ஏற்றுவதற்கு முன் கொஞ்ச நேரம் வெளியே வைத்துக் குளிர் போக்குவது வழக்கம். நான் ரோஜா நிறத்தைத் தேடினேன்.

இல்லை. மூன்று குப்பிகள், மூன்று வெறும் கழுத்துகள்.

அவர் கதவருகே நின்றார். அறைக்கு வெளியே ஒரு கால், உள்ளே ஒரு கால். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது, படியேறி வரும்போது கழற்றிவிட்டார். இப்போது நான் வாயைத் திறந்தால் எது கெட்டது என்று தெரியாமல் மூன்றும் போகும். திறக்காவிட்டால் கெட்டது என் மகள் நரம்பில் போகும். லிஃப்டிலாவது மேலே ஜடையன் இருந்தார், கத்தினால் கேட்டார். இங்கே என் கழுத்தைப் பிடித்தது என் வீட்டு மனுஷர். அத்தனை வருஷத்தில் அவரை அப்படி வெறுத்ததில்லை நான்.

"லேட்டாயிடுச்சே அக்கா, டெம்பரேச்சர் எல்லாம் சரியா இருந்ததா?" என்றாள் சோனியா.

மூன்றையும் கொட்டச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேதான் இருந்தேன். சத்தம் வரவில்லை.

ஸ்வாதிதான் முதலில் பேசினாள். "அப்பா," என்றாள். "அப்பா வந்திருக்கறாரு."

அவர் இரண்டு காலையும் உள்ளே வைத்தார்.

"சிஸ்டர்," என்றார். "அதுல ஒண்ணு உறைஞ்சு போச்சுங்க. நான்தான் ஐஸ்கிரீம் பலகைய வெச்சேன். இவளுக்குத் தெரியாது. அடையாளத்துக்கு இவ கட்டி வெச்சத நான்தான் அவுத்தேன்."

சோனியா கை தட்டின் மேலேயே நின்றது. "எதுன்னு தெரியுமா?"

"அந்தக் கடைசிக் குப்பி. பெட்டிய விட்டு எடுத்ததுல இருந்து நான் கண்ண எடுக்குல."

சோனியா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு கடைசிக் குப்பியைத் தனியே எடுத்து வைத்தாள். டாக்டருக்குப் போன் செய்தாள். மற்ற இரண்டு எந்தச் சூட்டில் இருந்தன, எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். பலகையைச் சட்டையில் சுற்றியது, முதலில் 2.2 வரை இறங்கியது, அப்புறம் காட்டி ஏழுக்கு மேல் போகாமல் பார்த்தது, மூன்றுக்குக் கீழே விடாதது, எல்லாவற்றையும் அவரே சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. இரண்டை இன்றைக்கு ஏற்றலாம், மூன்றாவதற்குப் பெங்களூரில் கேட்டுப் பார்க்கிறேன், கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். கடைசிக் குப்பி சிவப்புத் தொட்டிக்குள் விழுந்தது. தண்ணீர் மாதிரித் தெளிவாக.

மற்ற இரண்டுக்கும் குளிர் போகக் காத்திருந்தோம். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார், சுருங்கி ஈரமாயிருந்த சட்டையோடு. ஸ்வாதி அவர் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"இது என்னோட பேண்டு."

அவர் மணிக்கட்டில் ரோஜா நிறம். தூக்கி எறிய மனசு வரவில்லை போலிருக்கிறது. கழற்றிக் கொடுத்தார். நான் கட்டிவிடக் கை நீட்டினேன். "வேண்டாம்மா, நானே," என்றாள்.

மருந்து ஏறப்போகிற ஊசி புறங்கையில் ஒட்டியிருக்க, இரண்டு கையையும் தூக்கினாள். தோள் வரை வந்தது. காது வரை வந்தது. அங்கே ஒரு கணம் நின்றது, பிறகு இன்னும் ஏறியது. வளைந்த விரல்களால் முடியை அள்ளி, பேண்டை ஒரு சுற்று, இரண்டு சுற்று. குடுமி ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. அவளுக்கு அது போதும்.

அவர் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "எப்ப இருந்து?" என்று என்னைக் கேட்டார்.

தினமும் காலையில்தான், பள்ளிக்கூடம் போகும் முன், நீங்கள் வண்டியோடு போன பிறகு. இதைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"போன மழைக்கு அப்புறம்ப்பா," என்றாள் ஸ்வாதி. "நீங்க பாத்ததே இல்லியா?"

சோனியா மருந்துப் பையை மாட்டிக் குழாயைத் திருகினாள், முதல் சொட்டு விழுந்தது. கதவு திறந்துதான் இருந்தது. அவர் எழுந்து போகவில்லை.